குரோமியத்தின் கணக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் குரோம் முலாம் பூசிய உதிரிபாகங்கள் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குரோமியத்தின் எலக்ட்ரான் அமைப்பைக் கொடுத்து அணு எண் கேட்டால், எல்லாவற்றையும் கூட்ட வேண்டியதுதான். 1எஸ்-இல் 2, 2எஸ்-இல் 2, 2பி-யில் 6, 3எஸ்-இல் 2, 3பி-யில் 6, 3டி-யில் 5, 4எஸ்-இல் 1. ஆக, 24. மின்சுமை இல்லாத அணுவில் எலக்ட்ரான் எத்தனையோ, புரோட்டானும் அத்தனை.

4எஸ்-இல் 2 அல்லவா வர வேண்டும்? பாதி நிரம்பிய 3டி-தான் குரோமியத்துக்கு வசதி. கூட்டுத்தொகையோ மாறாது.

சிக்கல் முலாம் தொட்டியில்தான். குரோமிக் அமிலத்தில் குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் +6. கணக்குப்படி ஆறு எலக்ட்ரான் போனால் மிச்சம் 18. அவசரக்காரர் ஆர்கான் என்று எழுதிவிடுவார்! போன ஆறையும் சேர்த்தால்தான் 24. தொட்டியில் பாயும் மின்சாரம் அந்த ஆறையும் திருப்பித் தந்த பிறகே, உலோகமாகப் பொருளில் படிகிறது குரோமியம்.