அஞ்சற்க என்றவர் ஓடிய கதை

(தாம்பரம் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அஞ்சற்க என்று மக்களுக்குப் புத்தி கூறிக்கொண்டே மூட்டை கட்டிய ஆட்சியைக் கண்டதுண்டா? கண்டது நம் சென்னை, 1942 ஏப்ரலில்!

5ஆம் நாள் கொழும்பிலே ஜப்பானியர் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. கோட்டையிலே கலக்கம்! இன்றியமையா அலுவல் இல்லாதோர் நகரைவிட்டு வெளியேறுக என்றது அரசு. அதன் அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு ஓட்டம் பிடித்தன. எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் வண்டி இந்தத் தாம்பரத்தைத் தாண்டித்தானே போகவேண்டும்? பெட்டியும் படுக்கையும் பிள்ளையுமாக மக்கள் இவ்வழியே போயினர். மிருகக்காட்சிசாலையிலே சிங்கமும் புலியும் சுட்டுக் கொல்லப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என் செய்வது என்ற நடுக்கம்! கூண்டுக்குள் கிடந்த புலி செய்த குற்றம் யாதோ?

அந்த ஏப்ரலில் சென்னைமீது குண்டு விழவில்லை. வெள்ளையன் காப்பான் என்ற நினைப்புத்தான் விழுந்தது.

நான்கே திங்கள். ஆகஸ்ட் 8இல் பம்பாயிலே ‘வெளியேறு’ தீர்மானம். 9ஆம் நாள் பொழுது விடியுமுன் தலைவர்கள் கைது. ஜப்பானியன் வருமுன்னே கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே அரசுக்கு, கையிலே கொடியன்றி ஏதுமில்லா மாணவன்முன் மட்டும் வீரம் பீறிட்டது! தடியடி, தணிக்கை, சிறை. காமராசர் உள்ளே போனார். வெளியே வர 1945 ஆயிற்று.