காய்ச்சல்காரிக்கு அபராதம் வேண்டாம்

(கூட்டமைப்பின் மகாசபைக் கூட்டத்தில் பேசியது)

மழைக்காலக் காய்ச்சலைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, தறிக்காரி. அதனால நம்ம கூட்டத்தை வச்சே சொல்றேன்.

நம்ம கூட்டம் எப்படி நடக்குதுங்க? ஒரு சின்ன அறை. ஒரே ஜமக்காளத்தில் பதினைந்து பேர் முட்டி இடிக்க உட்கார்றோம். ஒரே பேனா கை மாறுது. சேமிப்புப் பணத்தை எச்சில் தொட்டு எண்ணுறோம். அதில் ஒருத்திக்கு ஃப்ளூ காய்ச்சல் இருந்தா? இருமினா, தும்மினா, பேசினாலும்கூட தெறிக்கிற நீர்த்துளியில்தான் அந்தக் கிருமி பரவுது. காய்ச்சல் தெரியறதுக்கு முதல் நாளே பரவ ஆரம்பிச்சு, அப்புறமும் அஞ்சாறு நாளைக்கு மத்தவங்களுக்குத் தொத்தும்.

காய்ச்சலோட அவ ஏன் வந்தாங்கறீங்களா? வராட்டி அபராதம். தவணை தவறினா பேர் கெட்டுப்போகும். வரவழைக்கறது நம்ம விதிதானுங்க. அவ பக்கத்தில் கர்ப்பிணி இருக்கலாம், சர்க்கரை உள்ள பெரியம்மா இருக்கலாம். நமக்கு நாலு நாள் உடம்பு வலியோட போறது, அவங்களுக்கு நிமோனியாவில் போய் முடியலாம். அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தை, 65 வயசு தாண்டினவங்க, ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவங்களுக்கும் அதே ஆபத்து.

2023 மார்ச் ஞாபகம் இருக்குங்களா? எச்3என்2 காய்ச்சல்னு எங்க பார்த்தாலும் இருமல். மார்ச் 10 அன்னிக்கு தமிழ்நாடு முழுக்க ஆயிரம் இடத்தில் காய்ச்சல் முகாம் போட்டாங்க. புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாங்க. பள்ளிக்கூடத்தையே மூடலாம்னா, நம்ம கூட்டத்தில் ஒரு ஆளுக்கு லீவு விடக்கூடாதுங்களா?

நான் கேட்கறது இதுதான். காய்ச்சல், இருமல் உள்ளவங்க வீட்டிலேயே இருக்கட்டும், அபராதம் கிடையாது. சேமிப்பையும் தவணையையும் வீட்டு ஆள் கொண்டு வந்து கொடுக்கட்டும், இல்லாட்டி போன்ல அனுப்பட்டும். கையெழுத்து அடுத்த வாரம் போட்டுக்கலாம். தறியில் உட்காராத நாளுக்குக் கூலி இல்லைங்கறதும் நமக்குத் தெரியும். அந்த வாரத்துக்குக் குழு சேமிப்பிலிருந்து ஒரு சின்ன உள்கடன் உடனே கொடுக்கணும். இது இல்லாம "ஓய்வெடு"ன்னு சொல்றது வெறும் வாய்ப்பேச்சுங்க.

இன்னொன்னு. மெடிக்கல் கடையில் நாமளே கேட்டு வாங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸ் காய்ச்சலுக்கு வேலை செய்யாது. பெரும்பாலும் மூணு நாளில் காய்ச்சல் இறங்கும், இருமல் மூணு வாரம்கூட இழுக்கும். சுக்குக் கசாயம் தொண்டைக்கு இதமா இருக்கும், குடிங்க. ஆனா மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, குழந்தை பால் குடிக்காட்டியோ கசாயத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க. பவானி அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்க, முடியாட்டி 108. கர்ப்பிணிக்குக் காய்ச்சல்னா அன்னிக்கே போகணும். ஃப்ளூவுக்கான மருந்தை முதல் ரெண்டு நாளுக்குள் ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன். தடுப்பூசியும் இருக்குங்க. கிருமி மாறிக்கிட்டே இருக்கறதால வருஷா வருஷம் போடணும். யாருக்குத் தேவைன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

சோப்பு, ஜன்னல், முகக்கவசம் இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா? 2020இல் ஊருக்கே முகக்கவசம் தைச்சுக் கொடுத்தது மகளிர் குழுக்கள்தானே!

அபராதம் இல்லைங்கற தீர்மானத்தை அடுத்த வாரக் கூட்டத்தில் நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஊக்குநர் கையில் கொடுத்தனுப்புங்க. காய்ச்சலா இருக்கறவங்க மட்டும் வர வேண்டாம், அவங்க கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாம்.