பயங்கரவாதத்தின் பழைய வேர்



பயங்கரவாதம் என்றதும் இக்காலத்து வெடிகுண்டே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் இந்நோய் நேற்றுத் தோன்றியதன்று. அதன் பழைய வேர்களுள் ஒன்றைக் காண, உரோமராட்சிக்கு உட்பட்டிருந்த எருசலேம் நகருக்கு நாம் செல்லவேண்டும்.

கி. பி. 6ஆம் ஆண்டில் உரோமர் வரி விதிப்பதற்காக யூதேயாவிற் குடிக்கணக்கு எடுத்தனர். கடவுள் ஒருவரே அரசர். மனிதனுக்குத் திறை செலுத்துவது பாவம் என்று கலிலேயனாகிய யூதாசு என்பவன் போதித்தான். மக்களின் துன்பம் மெய்யானது. ஆட்சியின் கொடுமையும் மெய்யானது. அந்த நிலத்திலேதான் நச்சு விதை விழுந்தது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. திருவிழாக் கூட்டங்களில் மேலங்கிக்குள் குறுவாளை மறைத்துக்கொண்டு நடமாடும் ஒரு கூட்டத்தார் தோன்றினர். குறித்தவரைக் குத்தி வீழ்த்திவிட்டு, மறுகணமே ஏனையோருடன் சேர்ந்து தாமும் பதறுவர். 'சிக்கா' என்னும் அவ்வாளின் பெயரால் அவர்கள் சிக்காரியர் எனப்பட்டனர். இதனை எழுதிவைத்தவர் அக்காலத்து யூத வரலாற்றாசிரியரான யோசேப்பசு.

அவ்வாளுக்கு முதலில் இரையானவர் யார்? உரோமப் படைத்தலைவரா? இல்லை, யூதரின் தலைமைக் குருவாயிருந்த யோனத்தான். நேர்மையாக ஆளும்படி உரோம ஆளுநன் பீலிக்சை இடித்துரைத்து வந்தவர் அவர். அக்கொலைக்கு ஆளுநனின் தூண்டுதலும் இருந்ததென யோசேப்பசு தமது மற்றொரு நூலிற் கூறுகின்றார். கொடுங்கோலனுக்கும் கொலைஞனுக்கும் பகைவன் ஒருவனே: நடுவில் நின்று நியாயம் பேசுபவன்.

நிதானம் பேசிய நாவுகள் அடங்கின. 66ஆம் ஆண்டிற் போர் மூண்டது. முற்றுகைக்குள் அகப்பட்ட நகரில், கிளர்ச்சிக் குழுவினர் தம்முள் மோதி, பல்லாண்டுக்குப் போதுமான தானியக் களஞ்சியங்களைத் தாமே எரித்தனர். 70ஆம் ஆண்டில் எந்தக் கோவிலின் பெயரால் வாளெடுத்தனரோ அந்தக் கோவிலே சாம்பலாயிற்று.

பயங்கரத்தை ஓர் ஆட்சிமுறையாகவே உலகுக்குக் காட்டியது பிரான்சியப் புரட்சி. அங்கே மதத்தின் இடத்தில் அரசியற் கொள்கை நின்றது, போக்கு மாறவில்லை. கடுமையைத் தணிக்கலாம் என்று கூறிய தாந்தோன் 1794 ஏப்பிரிலிற் கொலைக்களம் கண்டார். அவரை அங்கே அனுப்பிய ரொபெசுப்பியரும் அதே ஆண்டு யூலையில் அவரைப் பின்தொடர்ந்தார்.

நம் காலத்தை நோக்குங்கள். 1948இல் காந்தியடிகளைச் சுட்டவன் ஓர் இந்து. 1981இல் எகிப்தின் தலைவர் சதாத்தைக் கொன்றவர்கள் முசிலிம்கள். 1995இல் இசுரேலியப் பிரதமர் ரபீனைக் கொன்றவன் ஒரு யூதன். மூவரும் மாற்றாருடன் இணக்கம் நாடியவர்கள். மூவரும் தம் சமயத்தவன் கையாலேயே மாண்டனர்.

தொலைவிலுள்ள கதையென்று நாம் ஆறுதல் கொள்ளவும் இயலாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று நம் நாட்டின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட கூட்டத்தின் தலைவன், முதலில் யாரைத் தாக்கினான்? 2017 மார்ச்சில், காத்தான்குடியில், அவனும் அவனுடைய ஆட்களும் தாக்கியது சூபி வழி நின்ற முசிலிம்களை. அவ்வூர் முசிலிம்களே அவனைப் பற்றி முறையிட்டும் இருந்தனர். அந்தக் குரல் உரியபடி கேட்கப்படவில்லை.

நேயர்களே, ஒருவனின் குற்றத்தை அவன் சமூகத்தின் தலையிற் சுமத்துவோர், அவன் விரும்பிய பிரிவினையையே நிறைவேற்றுகின்றனர். ஆட்சியில் அநீதி நீங்கவேண்டும். அது நிலத்தைத் திருத்துவது. தம்மவரிடையே நிதானம் பேசுபவர் தனித்து விடப்படாதிருக்கவேண்டும். அது நம் ஒவ்வொருவரின் கடமை. அவர் மீது விழும் முதற் கல்லிலேயே நாம் விழித்துக்கொள்வோமாயின், பின்னர் கோவில்களின் சாம்பலை அள்ள வேண்டியிராது.