கேசரோல் என்றால் ஹாட் பாக்ஸ் இல்லை

(நம் கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு சமையல் வகுப்பில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



இன்று நான் செய்து காட்டப்போவது சிக்கன் பாஸ்தா கேசரோல். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "கேசரோலா? சப்பாத்தி போட்டு வைப்போமே, அதுவா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. நம் ஊர் பாத்திரக் கடையில் கேசரோல் என்றால் ஹாட் பாக்ஸ்தான். மேல்நாட்டில் அது ஓவனுக்குள் வைக்கும் அகலமான பாத்திரத்தின் பெயர். அந்தப் பாத்திரத்தில் வேகும் சாப்பாட்டுக்கும் அதே பெயர்தான். ஒரு முறை இந்த இரண்டு கேசரோலையும் ஒன்றாகச் சேர்த்து நான் பெரிய தப்பு செய்தேன். அதையும் இன்று சொல்லத்தான் போகிறேன்.

என் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தபோதுதான் இந்த உணவைப் பார்த்தேன். குழந்தையோடு வீட்டுக்கு வந்த மறுநாள், பக்கத்து வீட்டு அம்மா மூடிபோட்ட ஒரு ட்ரேயைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டிலிருந்து இன்னொன்று. பிள்ளை பெற்ற வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் திரும்பிய வீடு என்றால் அங்கே இப்படி ஒரு ட்ரே கொடுப்பது வழக்கமாம். சாதம், குழம்பு, பொரியல் என்று நான்கு பாத்திரம் வேண்டாம். ஒரே ட்ரேயில் ஆறு பேருக்குச் சாப்பாடு. இந்த வகையில் பேர் பெற்ற ஒன்று சிக்கன் டெட்ராசினி. இத்தாலியப் பாடகி லூயிசா டெட்ராசினியின் பெயரில் 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்த உணவு அது. இன்று நாம் செய்வதும் அதன் உறவுதான்.

ஊர் திரும்பியதும் எனக்கும் அந்த ஆசை வந்தது. எங்கள் மாடியில் ஒரு வீட்டில் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். மருமகள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கே கேசரோல் செய்து, சூடாக ஹாட் பாக்ஸில் போட்டுக் கொடுத்தேன். "மத்தியானம் சாப்பிடுங்கள், சூடு அப்படியே இருக்கும்" என்றேன். அவர்கள் சாப்பிட்டபோது மணி இரண்டு. அன்று ராத்திரி அந்த வீட்டுக் குழந்தைக்கு வாந்தி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மத்தியானம் என்ன சாப்பிட்டது?" என்பதுதான். குழந்தை இரண்டு நாளில் தேறிவிட்டது. அந்தப் பெண், "ஆன்ட்டி, நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்க" என்றாள். எனக்கு விட முடியவில்லை. எங்கே தப்பு என்று தேடிப் படித்தேன்.

ஹாட் பாக்ஸ் சாப்பாட்டைச் சூடாக்குவதில்லை. ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பாலும் கோழியும் கலந்த உணவில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். நான் கொடுத்தது மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பில் கிடந்திருக்கிறது. அதில் சில வகை பாக்டீரியா விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் இன்று செய்முறையோடு, கொடுக்கும் முறையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் சாமான்கள். ஆறு பேருக்கு: பென்னே பாஸ்தா 250 கிராம், எலும்பில்லாத சிக்கன் 500 கிராம், வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், பால் 750 மில்லி, சீஸ் 150 கிராம். ஒரு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு குடமிளகாய், ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள், உப்பு, பழைய பிரட் இரண்டு துண்டு. பீட்சாவோடு வரும் ஆரிகானோ பொட்டலம் டிராயரில் கிடக்குமே, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பால் நீலப் பாக்கெட்டாக இருந்தாலும் போதும். ஆரஞ்சுப் பாக்கெட் என்றால் இன்னும் கொழகொழப்பாக வரும்.

சிக்கனைக் குழாய்த் தண்ணீருக்கு நேராகப் பிடித்துக் கழுவாதீர்கள். தெறிக்கும் துளிகளில் உள்ள கிருமி பக்கத்தில் இருக்கும் டம்ளர் வரை போகும். கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மெதுவாக அலசுங்கள். பிறகு சிங்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். சிக்கனைச் சிறு துண்டுகளாக்கி, உப்பும் மிளகும் போட்டு, கொஞ்சம் எண்ணெயில் ஏழெட்டு நிமிடம் வதக்குங்கள். பெரிய துண்டு ஒன்றை நறுக்கிப் பாருங்கள். உள்ளே ரோஸ் நிறம் இருக்கக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு, கணக்கு 74 டிகிரி. அதே வாணலியில் வெங்காயம், பூண்டு, குடமிளகாயை வதக்கி எடுத்து வையுங்கள்.

பாஸ்தாவை நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டு வேகவையுங்கள். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று இருந்தால் 8 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு ஓவனில் நடக்கும். முழுக்க வேகவைத்தால் கடைசியில் குழைந்த சேமியா மாதிரி ஆகிவிடும். வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள்.

இப்போது வெள்ளை சாஸ். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். சிறு தீயில் வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போனதும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முதல் அரை டம்ளர் பால் முழுக்கக் கலந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும். விழுந்தாலும் கவலை வேண்டாம்; வடிகட்டிவிடலாம். எட்டு, பத்து நிமிடத்தில் கரண்டியின் பின்பக்கத்தில் படியும். அடுப்பை அணைத்துவிட்டு 100 கிராம் சீஸைத் துருவிப் போடுங்கள். சீஸில் உப்பு இருக்கிறது. ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள்.

சாஸ் தோசை மாவைவிட இளக்கமாக இருக்க வேண்டும். கெட்டியாகத் தெரிந்தால் எடுத்துவைத்த தண்ணீரை விடுங்கள். ஓவனில் பாஸ்தா சாஸைக் குடித்துவிடும். "கடையில் சாப்பிட்டது க்ரீமாக இருந்தது, நான் செய்தால் வறண்டுவிடுகிறது" என்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

எல்லாவற்றையும் கலந்து, வெண்ணெய் தடவிய ட்ரேயில் பரப்புங்கள். மேலே மீதி சீஸ், மிக்ஸியில் பொடித்த பிரட், ஆரிகானோ. ஓ.டி.ஜி.யை 190 டிகிரியில் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். ஓரங்களில் சாஸ் கொதித்து மேலே பொன்னிறம் வந்தால் சரி. பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறினால் சாஸ் ஓடாமல் நிற்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். 1,500 வாட்ஸ் ஓ.டி.ஜி. ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை மிக்ஸி போடும் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். 16 ஆம்பியர் பாயின்ட்டில் போடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான கடாயில் ஸ்டாண்டு வைத்து, அதன் மேல் ட்ரேயை வைத்து மூடி, சிறு தீயில் அரை மணி நேரம் விடலாம். மேலே சிவக்காது, ருசி குறையாது. சைவக்காரர்கள் சிக்கனுக்குப் பதில் பனீர், காளான், சோளம் போடலாம். சாஸில் முட்டை கிடையாது.

இனி, கொடுக்கும் முறை. இரண்டு வழிதான். சுடச்சுடக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். சென்னையில் வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான். அவர்கள் எப்போது சாப்பிடுவார்கள் என்று தெரியாவிட்டால், ஆழமில்லாத ட்ரேயில் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்துக் கொடுங்கள். சாப்பிடும் நேரத்தில் அவர்கள் நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்கிக்கொள்ளட்டும். இதற்கு அலுமினிய ட்ரே நல்லது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி ட்ரே சூடான ஓவனில் விரிசல் விடலாம். மூடியின் மேல் மூன்று விஷயம் எழுதி ஒட்டுங்கள்: செய்த தேதி, சிக்கன் இருக்கிறது, மூன்று நாளுக்குள் முடிக்கவும்.

நம் நான்கு பிளாக்கிலும் மாதத்தில் ஒரு வீட்டிலாவது ஆபரேஷனோ பிரசவமோ துக்கமோ இருக்கிறது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று லிஃப்ட்டில் சொல்லிவிட்டுப் போகிறோம். யாரும் சொல்வதில்லை. கேட்காமலே ஒரு ட்ரே கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனால் சாப்பாடு கொடுப்பது அன்பு மட்டும் இல்லை, பொறுப்பும்தான். நான் அதை இன்னொரு வீட்டுக் குழந்தையின் வாந்தியில் கற்றுக்கொண்டேன். நீங்கள் அப்படிக் கற்க வேண்டாம்.

அந்தப் பெண் போன மாதம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "ஆன்ட்டி, அம்மா வர்றாங்க, அந்தப் பாஸ்தா செஞ்சு தர்றீங்களா?" என்றாள். ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, தேதி எழுதிக் கொடுத்தேன். ட்ரேயைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் நாலு அதிரசம் இருந்தது.

ஓவன் சூடாகிவிட்டது. முன்வரிசையில் இருப்பவர்கள் வந்து சாஸைக் கிளறுங்கள், கட்டி விழுகிறதா பார்ப்போம்.