முதலில் ஊகம், பிறகு கணினி



ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே, அது ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் விழுங்கும் என்று கணினி கணித்துச் சொல்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2001-இல் வெளியிட்ட 'எனர்ஜிபிளஸ்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெயில், ஈரப்பதம், காற்று, விளக்கு, ஆட்கள் என எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடும்.

கட்டடக் கலை மாணவர்களுக்கு இது தேவையான பாடம்தான். எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் சிக்கல். பொத்தானை அழுத்தினால் அழகான வண்ணப் படம் வருகிறது. கொடுத்த விவரம் தவறானால் வந்த விடையும் தவறு என்பது அந்த அழகில் மறந்துபோகிறது.

மூவாரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 2 பாகையில் உள்ள ஊர். நண்பகல் வெயில் ஜூனில் வடக்கிலிருந்தும் டிசம்பரில் தெற்கிலிருந்தும் சாய்கிறது. காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் காய்கின்றன. குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தெற்கே பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்தால் வெக்கைதான் மிச்சம்.

ஆகவே முதல் வகுப்பு தெருவில் நடக்கட்டும். மூவாரின் பழைய கடைவீடுகளில் ஐந்தடி நடைபாதை எந்த நேரத்தில் நிழல் தருகிறது, வீட்டின் நடுமுற்றம் எவ்வளவு குளுமையாக இருக்கிறது என்று மாணவர்கள் வெப்பமானியோடு குறித்து வரட்டும். எந்தச் சுவர் அதிகம் சுடும் என்று தாளில் எழுதட்டும். குளிரூட்டப்படும் கட்டடத்தின் வெளிப்புறம் வழியே சதுர மீட்டருக்குச் சராசரி 50 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக்கூடாது என்கிறது மலேசியாவின் எம்.எஸ். 1525 தரநிலை. அதையும் கையால் போட்டுப் பார்க்கட்டும். பிறகு கணினி. இரண்டு விடைகளும் மோதும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

கட்டி முடித்த பிறகும் பாடம் முடிவதில்லை. புத்ராஜெயாவில் 2004-இல் எழுந்த குறைந்த எரிசக்தி அலுவலகம் கணினிக் கணிப்பின் துணையோடு வடிவமைக்கப்பட்டது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 100 யூனிட் என்பது இலக்கு. அளந்தபோது சுமார் 114. அன்றைய சாதாரண அலுவலகங்கள் 200 யூனிட்டுக்கும் மேல் செலவழித்தன. பெரிய வெற்றிதான். ஆனாலும், அளந்ததால்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது.

வரைந்தவர் ஊதியம் பெற்றுப் போய்விடுவார். ஐம்பது ஆண்டுகள் மின்கட்டணம் கட்டப்போவது உள்ளே வாழ்பவர்கள். எனவே ஆசிரியர்கள் வண்ணப் படத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம். "இந்த எண் ஏன் வந்தது?" என்று கேட்டு, மாணவர் சொல்லும் பதிலுக்குப் போடட்டும்.