எண் இல்லாமல் ஓடியவர்

(வெள்ளி விழாவை ஒட்டி நிகழ்ந்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு ‘விளையாட்டும் விடாமுயற்சியும்’ என்பதாகும். விடாமுயற்சியைப் பற்றி அறிவுரை தொடங்கினால் மூன்றாவது நிமிடத்தில் கடைசி வரிசை கொட்டாவி விடும் என்பதை நெடுங்கால வகுப்பறைப் பழக்கத்தால் நாம் நன்கு அறிவோம். ஆகவே அறிவுரையை அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, ஓர் ஓட்டப் பந்தயத்தின் வரலாற்றைக் கூற விழைகிறோம்.

நம் பள்ளி விளையாட்டு விழாவில் 1,500 மீட்டர் ஓடி முடித்த மாணவனுக்கே சோடா உடைத்துக் கொடுத்து விசிறியும் வீசுகிறோம். மராத்தான் என்பது 42 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம். அதனையும் கடந்த நெடுந்தூர ஓட்டங்களை அல்ட்ரா மராத்தான் என்று அழைக்கின்றனர். அவற்றுள் மிகப் பழமையானதும் புகழ் மிக்கதும் தென்னாப்பிரிக்காவில் நடைபெறும் காம்ரேட்ஸ் மராத்தான். டர்பன் துறைமுக நகரத்திற்கும் மலைமேல் உள்ள பீட்டர்மரிட்ஸ்பர்க் நகரத்திற்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பெரும்பாலும் ஓர் ஆண்டு மலை ஏறி ஓடுவர். மறு ஆண்டு மலை இறங்கி ஓடுவர்.

இவ்விரு ஊர்களும் நமக்கு அந்நியமானவை அல்ல. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற முதல் கூட்டம் அது. சேரியிலும் குப்பத்திலும் பிறந்து, பிறகு அம்மண்ணில் உழைத்து மடிந்தோர் அடுத்தடுத்த கப்பல்களில் எத்தனையோ பேர். 1893இல் காந்தியடிகளைப் புகைவண்டியிலிருந்து இறக்கிவிட்ட நிலையம் பீட்டர்மரிட்ஸ்பர்க்.

முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் பல நூறு மைல் நடந்து திரும்பியவர் விக் கிளாப்பம் என்னும் புகைவண்டி ஓட்டுநர். மாண்ட தோழர்களின் நினைவாகக் கல் நட்டால் போதாது, அவர்கள் பட்ட பாட்டை உடலால் பட்டு நினைவுகூர வேண்டும் என்று அவர் கருதினார். போர்வீரர் சங்கத்தாரிடம் 1918இல் விண்ணப்பித்தார். பைத்தியக்காரத்தனம் என்று மறுத்தனர். மறு ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் மறுத்தனர். 1921இல்தான் இசைந்து, செலவுக்கு ஒரு பவுன் கொடுத்தனர். அதுவும் திருப்பித் தர வேண்டிய பவுன்! அவ்வாண்டு மே 24இல் 34 பேர் புறப்பட்டு 16 பேர் முடித்தனர். முதலில் வந்த பில் ரோவனுக்கு 9 மணி நேரத்திற்கு ஒரு நிமிடம் குறைவாக ஆயிற்று.

இங்கே சற்று நிற்போம். அக்கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் வெள்ளைச் சிப்பாய்களுக்காக உணவும் தோட்டாவும் தலையில் சுமந்து, நோயாலும் பட்டினியாலும் மாண்ட ஆப்பிரிக்கச் சுமைக்காரர் பல்லாயிரவர். அவர்களும் அப்போரின் தோழர்கள் அல்லரோ? ஆயினும் தோழர் என்று பெயர் சூட்டிய அப்பந்தயத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடமில்லை. வெள்ளையர் மட்டுமே ஓடலாம். அவர்களுள்ளும் ஆண்கள் மட்டுமே. 1923இல் பிரான்சிஸ் ஹேவர்டு என்னும் பெண்மணி விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மறுப்பைப் பொருட்படுத்தாமல் ஓடி, 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். அவருக்குப் பதக்கம் இல்லை. பார்வையாளர்கள் தாமே பணம் திரட்டி வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கிக் கொடுத்தனர்.

அக்காலத்து மாபெரும் வீரர் ஆர்தர் நியூட்டன் என்பவர். ஐந்து முறை வென்றவர். அவர் ஓட வந்த காரணம் விந்தையானது. அவருடைய பண்ணையைச் சுற்றியிருந்த நிலத்தைக் கறுப்பின மக்களின் குடியிருப்புக்கு என்று அரசாங்கம் ஒதுக்கியது. தமக்கு நட்டம் என்று அவர் முறையிட்டார், அரசாங்கம் செவிசாய்க்கவில்லை. புகழ் பெற்றுவிட்டால் தம் குறையை நாடு கேட்கும் என்று எண்ணி, நாற்பது வயதை நெருங்கும் பருவத்தில் ஓடத் தொடங்கினார். 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கைத்தான் கறுப்பின மக்களுக்கு விட்டிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், ஒருவருடைய குறை மட்டும் எப்படி ஊரெல்லாம் கேட்கும்படி ஒலிக்கிறது என்பது விளங்கும். அவருடைய ஓட்டத் திறனைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. நெடுந்தூர ஓட்டப் பயிற்சிக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

பாதி வழியில் மண்மேட்டில் இருக்கை போன்ற ஒரு பள்ளம் உண்டு. நியூட்டன் அங்கே அமர்ந்து இளைப்பாறினார் என்பது செவிவழிச் செய்தி. இன்றும் ஓடுவோர் அதனைக் கடக்கையில் தொப்பியை எடுத்து, “காலை வணக்கம், ஆர்தர்!” என்று கூறி ஒரு பூவையும் வைத்துச் செல்கின்றனர். அவ்வாறு செய்தால் மறுபாதி நலமாகக் கழியுமாம். நம்மூர் எல்லைச் சாமிக்குச் சூடம் காட்டிவிட்டு வண்டி ஏறுபவரை மூடநம்பிக்கையாளர் என்று நகைப்போர் இதனையும் அறிவது நன்று.

ஓட்டம் தொடங்குவதே ஒரு வேடிக்கை. 1948இல் மேக்ஸ் டிரிம்போர்ன் என்னும் ஓட்டக்காரர், விடியற்காலைப் பதற்றத்தில் புறப்படும் இடத்தில் சேவல் போலக் கூவினார். எல்லோரும் சிரித்தனர். அடுத்த ஆண்டும் கூவச் சொன்னார்கள். அவர் மறைந்த பின்னும், பதிவு செய்யப்பட்ட அக்கூவலைக் கேட்டபின்தான் கூட்டம் புறப்படுகிறது.

1922இல் ஓடிய பில் பெய்ன் என்பவரையும் சொல்லாமல் விட மனமில்லை. அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ரக்பி ஆட்டத்திற்குரிய கனத்த காலணியை அணிந்து ஓடினார். வழியில் ஓரிடத்தில் முட்டையும் பன்றியிறைச்சியும், இன்னோரிடத்தில் கோழிக்கறி, பிறகு ஆரஞ்சுப் பழங்கள், தேநீர், ஒரு பெண்மணி அன்புடன் அளித்த பழச்சாராயம் என்று உண்டும் பருகியும் சென்று எட்டாவதாக வந்தார் என்கின்றனர். மறுநாள், கொப்புளம் கண்ட காலுடன் ரக்பியும் ஆடினாராம். கறி என்னும் சொல்லையும் அதன் மணத்தையும் அம்மண்ணுக்குக் கொண்டு சென்றவர்கள் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனித் துன்பத்திற்கு வருவோம். வழியில் ஐந்து பெரிய குன்றுகள். ஏறி ஓடும் ஆண்டில் பாதை கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயர்கிறது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிக் களைத்த பின்னர், பாலி ஷார்ட்ஸ் என்னும் குன்று சுவர் போல எதிரே நிற்கும். முதல் வரிசை வீரர்களே அங்கே நடந்துவிடுவதுண்டு. இறங்கி ஓடும் ஆண்டு எளிது என்று எண்ண வேண்டா. இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தொடைத் தசை தாங்கித் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால், அதன் நார்கள் நுண்ணியதாய்க் கிழிகின்றன. மறுநாள் படிக்கட்டில் பின்புறமாக இறங்குவோரைக் கண்டால் அவர் காம்ரேட்ஸ் ஓடியவர் என்று தெரிந்து கொள்ளலாம்.

தசையிலும் ஈரலிலும் சேர்ந்துள்ள மாவுச்சத்து சுமார் 30 கிலோமீட்டருக்குத்தான் போதும். பிறகு கொழுப்பை எரித்தே உடல் ஓட வேண்டும்; அது மெதுவாக எரியும் விறகு. ஆதலால் உப்பிட்ட வேகவைத்த உருளைக்கிழங்கும் இனிப்புப் பானமும் வழிநெடுகக் கொடுக்கின்றனர். தண்ணீர் குடிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1981ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஒரு பெண்மணி நினைவிழந்தார். நீர் வற்றியதால் வந்த கேடு என்று எண்ணியதற்கு மாறாக, அளவுக்கு மிஞ்சிக் குடித்ததால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போயிருந்தது. டிம் நோக்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1985இல் இதனை எழுதி வெளியிட்டனர்.

ஆனால் இப்பந்தயத்தின் கொடிய நிமிடம் எந்தக் குன்றிலும் இல்லை. முடிவுக் கோட்டில் இருக்கிறது. இன்றைய விதிப்படி 12 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். நெடுங்காலம் அது 11 மணி நேரமாக இருந்தது. நேரம் நெருங்கும்போது ஓர் அலுவலர் கையில் துப்பாக்கியுடன் கோட்டில் வந்து நிற்பார். ஓடி வருவோருக்கு முதுகைக் காட்டி நிற்பார். யார் வருகிறார், எவ்வளவு அருகில் வருகிறார் என்று பார்த்தால் மனம் இளகிவிடும் அல்லவா? மணி நிறைந்ததும் சுடுவார். ஓரடி பிந்தியவருக்கும் பதக்கம் இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை. 90 கிலோமீட்டர் ஓடி, கைக்கெட்டிய கோட்டின் முன் விழுந்து அழுவோரை அங்கே ஆண்டுதோறும் காணலாம்.

இதனைக் கேட்ட மாணவர் சிலர், “ஐயா, இது அநியாயம் இல்லையா?” என்று நம்மை வினவினர். கொடுமைதான். ஆயினும் அத்துப்பாக்கிக்குக் கண் இல்லை. பின்னால் வருபவன் வெள்ளையனா, கறுப்பனா, ஆணா, பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று அது பார்ப்பதில்லை. தேர்வு மண்டபத்தில் மணி அடித்ததும் எல்லோரிடமும் விடைத்தாளை வாங்குவது போன்றது அது. புறப்படும் இடத்தில், ஓட்டம் தொடங்கும் முன்பே, உன் பிறப்பு சரியில்லை என்று சொல்லி எண் கொடுக்க மறுப்பது வேறு வகை. முன்னதை நம்மால் பொறுக்க முடியும். அதற்குப் பயிற்சி செய்துகொள்ளவும் முடியும். பின்னதற்கு என்ன பயிற்சி செய்வது?

1935இல் ராபர்ட் ம்ட்சாலி என்னும் கறுப்பின இளைஞர் இவ்வினாவுக்குத் தம் கால்களால் விடை எழுதினார். எண் இல்லை, பதிவு இல்லை. மற்றவர்களோடு ஓடி 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார். அக்காலத்துக் கெடு 11 மணி. ஒன்றரை மணி நேரம் மீதம். நகர மன்ற உறுப்பினர் ஒருவர் அவருக்குத் தனியே ஒரு பரிசு வழங்கினார் என்பது செய்தி. அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. அவருடைய பயிற்சி எப்படி இருந்தது, வழியில் தண்ணீர் கொடுத்தவர் யார் என்பனவற்றை எழுதிவைக்க அன்று எவரும் முனையவில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு வரலாறும் இல்லாமல் போகிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதும் தொழிலில் இருக்கும் நமக்கு இது நெஞ்சைச் சுடுகிறது.

நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1975இல்தான் கறுப்பின மக்களுக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது. அவ்வாண்டு வின்சென்ட் ரக்கபேலே இருபதாவதாக வந்து, அதிகாரபூர்வமாகப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். கதவு திறந்த பின்னும் நாடு நிறவெறியின் பிடியில்தான் இருந்தது. 1981இல், குடியரசின் இருபதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தோடு பந்தயத்தை இணைத்தனர். புரூஸ் போர்டைஸ் என்னும் வெள்ளை இளைஞர் அதனை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து ஓடினார். அவர்மீது தக்காளி வீசினர். தக்காளியோடு ஓடி அவர் முதலாவதாக வந்தார். பிறகு மேலும் எட்டு முறை வென்றார்.

1989இல் சாம் ட்ஷபலாலா வென்றார். கறுப்பினத்தவர் ஒருவர் முதலாவதாக வந்தது அதுவே முதன்முறை. ம்ட்சாலி ஓடி 54 ஆண்டுகளுக்குப் பிறகு. அதே ஆண்டில் பிரித் வான் டெர் மெர்வ என்னும் பெண்மணி 5 மணி 54 நிமிடம் 43 விநாடியில் ஓடி, ஆண்கள் உட்பட அனைவருள்ளும் பதினைந்தாவதாக வந்தார். இறங்கி ஓடுவதில் அச்சாதனை 2023இல் கெர்டா ஸ்டெயின் முறியடிக்கும் வரை நின்றது. பெண்களின் உடல் இத்தூரத்தைத் தாங்காது என்று விதி எழுதியோர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பரோ!

எதற்காக ஓடுகிறார்கள் என்று கேட்பீர்கள். வெல்வோருக்குப் பணம் உண்டு. எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் ஏன் ஓட வேண்டும்? காவலாளிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஆசிரியர்கள், எழுத்தர்கள் என்று பலதரப்பட்டோர் ஓடுகின்றனர். அவர்களுள் பலர் ‘பஸ்’ பிடித்துச் செல்கின்றனர். திகைக்க வேண்டா. அனுபவமுள்ள ஒருவர் கொடி ஏந்தி முன்னால் ஓடுவார், அவரே ஓட்டுநர். அவர் பின்னே ஒரு கூட்டம் ஒட்டிக்கொண்டு ஓடும், அதுவே பஸ். அந்த விளக்குக் கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை என்று அவர் குரல் கொடுப்பார். பாடுவார், பாட வைப்பார். தனியே வந்திருந்தால் ஐம்பதாவது கிலோமீட்டரில் புல்லில் படுத்திருக்கக்கூடியவர்கள், முன்பின் அறியாத தோளோடு தோள் உரசி, துப்பாக்கி வெடிக்கும் சில நிமிடங்களுக்கு முன் மொத்தமாக வந்து சேர்வர். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நம் சங்கம் நடத்தும் இரவுப் படிப்பைக் கண்டவர்களுக்கு இந்த பஸ் புதிதாகத் தோன்றாது.

முதியோரும் உண்டு. ஐந்து முறை வென்ற வாலி ஹேவர்டு, 1989இல் தமது 80ஆம் வயதில் மீண்டும் வந்தார். கடைசிக் கிலோமீட்டர்களில் தள்ளாடினார். கெடுவுக்கு இரண்டு நிமிடத்திற்கும் குறைவாக இருக்கையில் கோட்டைக் கடந்தார். அவருக்காகவும் அந்த அலுவலர் திரும்பிப் பார்க்கவில்லை.

முடித்தவர்க்கு அளிக்கும் பதக்கம் மிகச் சிறியது. நம் பழைய நாணயத்தைப் போல உள்ளங்கையில் மறைந்துவிடும். எடுத்துக்கொண்ட நேரத்திற்கேற்பப் பதக்கங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. முதல் வெற்றியாளர் பில் ரோவன் பெயரில் ஒன்று. தோற்றுவித்த விக் கிளாப்பம் பெயரில் ஒன்று. 2019ஆம் ஆண்டு மேலும் ஒன்றைச் சேர்த்தனர். 9 மணி நேரத்திற்கு மேல், 10 மணி நேரத்திற்குள் முடிப்பவர்களுக்கு உரிய அப்பதக்கத்தின் பெயர் ராபர்ட் ம்ட்சாலி பதக்கம். எண் இல்லாமல் 9 மணி 30 நிமிடத்தில் ஓடியவரின் பெயரை, இப்போது எண் பெற்று ஓடுவோர் வெள்ளையரும் கறுப்பரும் இந்திய வம்சாவளியினருமாகக் கழுத்தில் அணிந்து வீடு திரும்புகின்றனர்.