முடக்குவாதம் குலச் சாபமன்று

(தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)



காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, பால்வெட்டும் கத்தியைப் பிடிக்கவும் வாளியைத் தூக்கவும் இயலாமல் வருந்துவோர் நம்மிடையே உளர். "அம்மாவுக்கும் இப்படித்தான் கை கோணிற்று, எங்கள் இரத்தத்திலேயே உள்ளது, என்ன செய்வது?" என்று அவர்கள் வாளாவிருந்துவிடுகின்றனர். பெண் பார்க்க வருவோர், தாயின் விரல்களைக் கண்டு மகளை வேண்டாமென்று சொல்லிச் செல்வதும் உண்டு. இவை சரிதானா என்பதை இன்று ஆராய்வோம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. அப்படை தன் உடலையே பகையெனக் கருதி, மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதே முடக்குவாதம். வயது முதிர்ந்து மூட்டுத் தேய்வது வேறு. முடக்குவாதம் இளவயதினரையும் தாக்கும்; பெண்களை மிகுதியாகத் தாக்கும்.

தனது எது, அந்நியம் எது எனக் காவற்படை அறிந்துகொள்ள உதவும் மரபணுக்கள் பெற்றோரிடமிருந்து வருகின்றன. அவற்றுள் எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்னும் மரபணுவின் சில வகைகளை உடையோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்புக் கூடுதல்.

ஆயினும், வாய்ப்பு வேறு, நோய் வேறு. நாம் அறிந்த ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒட்டுக்கட்டி வளர்த்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரங்கள் யாவும் ஒரே மரபின. பட்டையில் இளஞ்சிவப்புப் பூஞ்சணம் படரும் நோய்க்கு அவை எளிதில் இடங்கொடுக்கும். எனினும் மழையும் ஈரமும் மிகுந்த வெட்டுக்காட்டில்தான் அந்நோய் கடுமையாகிறது.

மனிதர்க்கும் அஃதே. 1993-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையரை ஆராய்ந்தது. ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்கு ஏறத்தாழ 15 இணைகளில் மட்டுமே. மரபு முழுதும் ஒன்றாயிருந்தும் எஞ்சியோர் தப்பினர்.

நம் நாட்டிலும் இது ஆராயப்பட்டது. 1900-இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகமும் இணைந்து, 2005 முதல் 2009 வரை தீபகற்ப மலேசியாவில் 'மைஎய்ரா' எனும் ஆய்வுக்கு நோயாளிகளையும் நலமுள்ளோரையும் திரட்டின. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடமும் அம்மரபணு வகைகள் முடக்குவாதத்தின் ஒரு முக்கியப் பிரிவோடு தொடர்புடையனவாக இருந்தன. அவற்றோடு புகைப்பழக்கமும் சேர்ந்தபோது ஆபத்து பன்மடங்கு பெருகிற்று. நெசவுத் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று.

தோட்டத்தை விட்டுக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குடியேறிய நம் பிள்ளைகளுள் ஆலைத் தூசியில் உழைப்போர் இதனை மனத்திற்கொள்க, முகக்கவசம் அணிக. குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் சிகரெட்டையும் சுருட்டையும் இன்றே விட்டொழிக்க வேண்டும். மரபை மாற்ற நம்மால் இயலாது. பழக்கத்தை மாற்ற இயலும்.

இரு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலை விறைப்பு அரை மணி நேரத்திற்கு மேல் நீடித்து, சில வாரங்களாகியும் தணியாவிடில், தைலம் தேய்த்துக் காலங்கடத்தலாகாது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். அவர் கடிதம் தந்தால் செலாயாங் போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் மூட்டுநோய் நிபுணரைக் காணலாம். எலும்பு அரிக்கப்படுமுன் மருந்து தொடங்கினால், விரல்கள் கோணாமற் காக்கலாம்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தரப்பட்டால், அது வாரத்தில் ஒருநாள் மட்டுமே உண்ணத்தக்கது என்பதை மறவாதீர்கள். நாள்தோறும் உண்பது உயிருக்கே ஆபத்து. பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நோயுற்ற தாயின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதேயில்லை. ஆகவே, தாயின் கையைப் பார்த்து மகளின் வாழ்வை மறுப்பது அறமுமன்று, அறிவுமன்று. வீட்டில் எவர் கையேனும் காலையில் விறைத்தால், "விதி" என்று சொல்லி அமர்ந்திராமல், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக!